அம்பாசிடருக்கு அடியில் இருந்த கம்பி

புதிய வண்டிகளைப் பற்றி எழுதுகிறவர்களிடமும் காணொளியில் பேசுகிறவர்களிடமும் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. எஞ்சின், மைலேஜ், தொடுதிரை, சன்ரூஃப் என்று அரை மணி நேரம் அளப்பார்கள். சஸ்பென்ஷன் என்று வந்ததும் ஒரே வரியில் தீர்ப்பு வந்துவிடும். பட்டை ஸ்பிரிங் என்றால் லாரிச் சாமான், டார்ஷன் பார் என்றால் அந்தக் காலத்துச் சமாசாரம், காயில் ஸ்பிரிங் என்றால் நவீனம். வாங்கப் போகிறவரும் இந்த வரிசையை அப்படியே மனதில் ஏற்றிக்கொண்டுதான் ஷோரூமுக்குள் நுழைகிறார். ஆனால் ஒரு வண்டிக்கு எந்த ஸ்பிரிங் என்பதை அதன் வயது முடிவு செய்வதில்லை. அடியில் எங்கே இடம் இருக்கிறது, பளுவை வாங்கிக்கொள்ள எங்கே பிடிமானம் கிடைக்கிறது என்ற இரண்டும்தான் முடிவு செய்கின்றன. பழசு என்று ஓரங்கட்டப்பட்ட டார்ஷன் பாரின் கதையைப் பார்த்தாலே இது விளங்கும்.

டாக்ஸி முதல் கலெக்டர் வண்டி வரை நம் சாலைகளை ஆண்ட அம்பாசிடரின் முன்பக்கத்தில் காயிலும் கிடையாது, பட்டையும் கிடையாது. தரைத்தகட்டுக்கு அடியில், வண்டியின் நீளவாக்கில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உருக்குத் தண்டுகள் படுத்திருந்தன. அவைதான் டார்ஷன் பார்கள். தண்டின் பின் நுனி வண்டியின் உடலோடு அசையாமல் பூட்டப்பட்டிருக்கும். முன் நுனி, சக்கரத்தைத் தாங்கும் கையின் அச்சோடு இணைந்திருக்கும். சக்கரம் மேட்டில் ஏறினால் கை மேலே போகும். கை மேலே போனால் தண்டு முறுக்கிக்கொள்ளும். ஈரத் துணியை ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையில் பிழிவது மாதிரிதான். துணி பிழிந்தபடியே கிடக்கும், உருக்கு விடாமல் பழைய நிலைக்குத் திமிறும் என்பது மட்டுமே வித்தியாசம். அந்தத் திமிறல்தான் ஸ்பிரிங்கின் வேலை. குதித்துக்கொண்டே இருக்காமல் அதை அடக்குவது ஷாக் அப்சார்பரின் பொறுப்பு, அது தனிக்கதை.

எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஒரு மீட்டர் நீளம், 25 மில்லிமீட்டர் விட்டம் உள்ள கெட்டியான உருக்குத் தண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதோடு இணைந்த கை 30 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தின் மேல் 350 கிலோ பளு உட்கார்ந்தால் தண்டு ஏறக்குறைய 19 டிகிரி முறுக்கும். அதற்கு மேல் சக்கரத்தை ஒரு சென்டிமீட்டர் உயர்த்த வேண்டுமானால் சுமார் 35 கிலோ விசை வேண்டும். இப்போது தண்டின் விட்டத்தை இரண்டரை மில்லிமீட்டர், அதாவது பத்தில் ஒரு பங்கு மட்டும் கூட்டுங்கள். அந்த 35 கிலோ 51 ஆகிவிடும். விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்து ஏறுவதால் வரும் விளைவு இது. நீளத்தை இரட்டித்தால் விறைப்பு சரிபாதியாகும். ஆக, வடிவமைப்பாளர் கையில் இருப்பவை இரண்டே இரண்டு அளவுகள்: எவ்வளவு தடிமன், எவ்வளவு நீளம். பட்டை ஸ்பிரிங்கில் தகட்டுக்குத் தகடு உரசி, துரு ஏறி, ஒரு மழைக்காலம் போனதும் கணக்கு மாறிவிடும். டார்ஷன் பாரில் உரசுவதற்கு இன்னொரு தகடு இல்லை.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. முறுக்கும்போது தண்டின் மேற்பரப்பில்தான் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். நடுமையத்தில் அது பூஜ்யம். மையம் கிட்டத்தட்ட சும்மா கிடக்கிறது. உள்விட்டம் வெளிவிட்டத்தில் பாதி இருக்கும்படி தண்டைக் குழாயாக்கினால் எடை கால் பங்கு குறையும், விறைப்போ பதினாறில் ஒரு பங்குதான் குறையும். இதே காரணத்தால் மேற்பரப்பில் விழும் ஒரு சின்னக் கீறலும் ஆபத்து. விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். பழுது பார்க்கும்போது தண்டைச் சுத்தியலால் தட்டுவதும், பைப் ரெஞ்சால் பிடிப்பதும், பெயிண்ட் உரிந்ததைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் அதன் ஆயுளை அறுப்பதற்குச் சமம். கண்ணுக்கு வெறும் இரும்புக் கம்பியாகத் தெரிவதால் வரும் அலட்சியம்.

சரி, டார்ஷன் பாரை விரட்டிய நவீனம் என்று சொல்லப்படும் காயில் ஸ்பிரிங் எப்படி வேலை செய்கிறது? காயிலை மேலிருந்து அழுத்தும்போது கம்பி வளைகிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தக் கம்பி ஒவ்வொரு சுற்றிலும் முறுக்கப்படுகிறது. காயில் ஸ்பிரிங் என்பது இடம் போதாமல் சுருட்டி வைத்த டார்ஷன் பார், அவ்வளவுதான். இயற்பியல் ஒன்று, உருக்கு ஒன்று. நீட்டிப் படுக்க வைத்தால் பழசு, சுருட்டி நிற்க வைத்தால் புதுசு என்பது வேடிக்கையான அளவுகோல். அது மட்டுமல்ல, வளைவில் கார் ஒருபக்கமாகச் சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் பார் இன்றைக்குப் பெரும்பாலான கார்களில் இருக்கிறது. அதுவும் முறுக்கிக்கொள்ளும் தண்டுதான். ஸ்விஃப்ட், ஐ20 போன்ற ஹேட்ச்பேக்குகளின் பின்சக்கரங்களை இணைக்கும் குறுக்கு பீமும், ஒரு சக்கரம் ஏறி மறு சக்கரம் இறங்கும்போது முறுக்கிக் கொடுத்துத்தான் வேலை பார்க்கிறது. பழையது என்று ஒதுக்கியவர்கள் அதன்மேல்தான் உட்கார்ந்து பயணம் செய்கிறார்கள்.

இதன் வரலாற்றிலும் இடம் என்ற ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. ஸ்டுட்கார்ட்டில் ஃபெர்டினாண்ட் போர்ஷே தொடங்கிய வடிவமைப்பு அலுவலகம் 1931இல் டார்ஷன் பார் சஸ்பென்ஷனுக்குக் காப்புரிமை கேட்டது. 1934இல் பிரான்சின் சிட்ரோயன் நிறுவனம் டிராக்‌ஷன் அவான் காரில் அதைப் பயன்படுத்தியது. முன்சக்கரம் இழுக்கும் அந்தக் கார், தாழ்ந்து படுத்த உடலுக்குப் பேர் போனது. படுக்கை வசத்தில் கிடக்கும் ஸ்பிரிங் இல்லாமல் அப்படித் தாழ்த்துவது சுலபமில்லை. 1948இல் அலெக் இஸ்ஸிகோனிஸ் வடிவமைத்த மாரிஸ் மைனரும் அதே வழியில் போனது. 1961இல் வந்த ரெனோ 4 இன்னும் சுவையான உதாரணம். பின்பக்கம் சாமான் வைக்கும் தளம் சமதரையாக இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். எனவே பின் டார்ஷன் பார்களைக் குறுக்குவாட்டில், காரின் முழு அகலத்துக்கும் படுக்க வைத்தார்கள். இரண்டு தண்டுகள் ஒரே கோட்டில் கிடக்க முடியாதே! ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னுமாக வைத்தார்கள். விளைவு, காரின் ஒரு பக்கத்தில் முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் மறுபக்கத்தைவிட 48 மில்லிமீட்டர் அதிகம். கேட்டால் கோளாறு மாதிரி இருக்கும். அப்படியே எண்பது லட்சத்துக்கும் மேல் விற்றது.

அவ்வளவு நல்லதென்றால் கார் கம்பெனிகள் ஏன் கைவிட்டன என்ற கேள்வி நியாயமானது. சந்தை முட்டாள் இல்லை. பதில் காரின் முகப்பில் இருக்கிறது. எஞ்சினைக் குறுக்காக வைத்து முன்சக்கரங்களை இழுக்கும் சின்னக் கார்கள் பெருகியபோது, மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்ற அமைப்பு அவற்றுக்கு அளந்து தைத்தது போலப் பொருந்தியது. காயில், ஷாக் அப்சார்பர், ஸ்டீயரிங் திரும்பும் அச்சு மூன்றும் ஒரே செங்குத்துத் தூணில் அடங்கிவிடும். பளு சக்கரக் கூட்டின் மேல் நுனிக்குப் போய்விடும். தரைக்கு அடியில் தனியாகப் பிடிமானச் சட்டம் வேண்டாம். தொழிற்சாலையில் ஒரே துண்டாகக் கொண்டுவந்து கீழிருந்து ஏற்றி நாலு போல்ட் முடுக்கினால் வேலை முடிந்தது. மாருதி 800 இந்த வழியில்தான் வந்தது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தத் தேர்வில் வென்றது இட வசதியும் உற்பத்தி வசதியும். முறுக்குத் தண்டு சக்கரத்தைத் தாங்குவதில் தோற்றது என்று எங்கும் சான்று இல்லை. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் இதற்கு நேரடி ஆதாரம். 1970இல் வந்த 1302 என்ற ரகத்தில் முன்பக்க டார்ஷன் பாரை எடுத்துவிட்டு ஸ்ட்ரட் போட்டார்கள். முன்னால் பெட்டி வைக்கும் இடம் அதிகமானது. ஆனால் அந்த வம்சம் பத்து ஆண்டுக்குள் முடிந்துபோனது. டார்ஷன் பாரோடு இருந்த சாதாரண பீட்டில் 2003 வரை மெக்சிகோவில் தயாரானது. எது நவீனம் என்று இங்கே எப்படிச் சொல்வது?

இரண்டாவது மறுப்பு இடுப்பிலிருந்து வருகிறது. டார்ஷன் பார் வண்டியில் போனால் தூக்கித் தூக்கிப் போடும் என்பார்கள். 1998இல் வந்த டாடா சஃபாரி, பிறகு வந்த குவாலிஸ் போன்ற வண்டிகளின் முன்பக்கத்தில் டார்ஷன் பார்தான். அந்த அனுபவங்களை வைத்துத்தான் இந்தப் பேச்சு. ஆனால் சக்கரத்துக்குத் தன்னைத் தாங்குவது காயிலா தண்டா என்று தெரியாது. ஒரு சென்டிமீட்டர் உயர எத்தனை கிலோ என்ற ஒரு எண்தான் அதற்குத் தெரியும். அந்த எண்ணை இரண்டிலும் ஒரே மாதிரி வைக்கலாம். கனமான சேஸிஸ், ஏழெட்டுப் பேரைச் சுமக்க வேண்டும் என்பதற்காகக் கூட்டிய விறைப்பு, தேய்ந்து செத்த ஷாக் அப்சார்பர், காற்று அதிகம் ஏறிய டயர், குவாலிஸில் கூடுதலாகப் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் என்று குலுக்கலுக்குக் காரணங்கள் வரிசையாக நிற்கும்போது பழி மட்டும் முன்னால் இருந்த தண்டின் மேல் விழுந்துவிட்டது. ஜாகுவார் இ-டைப்பின் முன்பக்கமும் டார்ஷன் பார்தான். 1964 முதல் 1989 வரை தயாரான போர்ஷே 911 கார்களின் நான்கு சக்கரங்களும் டார்ஷன் பாரில்தான் ஓடின. அந்தக் கார்களை யாரும் மாட்டுவண்டி என்று சொன்னதில்லை. இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பளு ஏற ஏற விறைப்பும் ஏறும்படி காயிலின் சுற்றுகளை நெருக்கியும் விலக்கியும் அமைப்பது எளிது. நேரான தண்டில் அது முடியாது; கையின் கோணத்தைக் கொண்டு ஓரளவுக்குத்தான் ஈடுகட்டலாம். 1989இல் போர்ஷே காயிலுக்கு மாறியதைப் பின்னடைவு என்று நான் சொல்ல மாட்டேன்.

டார்ஷன் பாருக்கு மட்டுமே உரிய ஒரு வசதியை விமர்சகர்கள் பேசுவதே இல்லை. பூட்டப்பட்ட முனையில் ஒரு சரிசெய்யும் போல்ட் இருக்கும். ஆண்டுக்கணக்கில் பளு தாங்கி வண்டி ஒருபக்கம் தாழ்ந்துவிட்டால், ஜாக்கி வைத்துத் தூக்கி, அந்த போல்ட்டைச் சில திருகு திருகினால் உயரம் சரியாகிவிடும். காயில் அமுங்கினால் கழற்றி மாற்ற வேண்டியதுதான். பீட்டில், 911 கார்களின் பின்பக்கத்தில் அந்த போல்ட் கிடையாது, அங்கே வேறு உத்தி. பின் தண்டின் ஒரு முனையில் 40 பற்கள், மறுமுனையில் 44 பற்கள். ஒரு பக்கம் ஒரு பல் முன்னே, மறுபக்கம் ஒரு பல் பின்னே நகர்த்தினால் கிடைக்கும் கோண வித்தியாசம் ஒரு டிகிரிக்கும் குறைவு. ஸ்பேனரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும். ஆனால் இதே வசதிதான் தவறாகவும் பயன்படுகிறது. பெரிய டயர் போட வேண்டும், வண்டி உயரமாகத் தெரிய வேண்டும் என்று போல்ட்டை முடிந்தவரை இறுக்கிவிடுகிறார்கள். ஸ்பிரிங் டைட்டாகிவிட்டது, இனி நன்றாகத் தாங்கும் என்று நம்புகிறார்கள். போல்ட் தண்டின் விறைப்பை மாற்றாது. தொடக்கக் கோணத்தை மட்டுமே மாற்றும். சக்கரம் கீழே இறங்குவதற்கு மிச்சமிருந்த தூரம் பறிபோய், சின்னப் பள்ளத்தில்கூடக் கை அதன் எல்லைக் கட்டையில் போய் மடார் என்று முட்டும். நால்சக்கர இயக்க வண்டியானால் டிரைவ் ஷாஃப்ட் மூட்டுகளும் கோணலாக ஓடித் தேயும். பிறகு, டார்ஷன் பார் என்றாலே இப்படித்தான் என்ற பேச்சு வேறு.

இன்னொரு தவறும் நடக்கிறது. இடது தண்டும் வலது தண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். நுனியில் இடம், வலம் என்று அடையாளம் பொறித்திருப்பார்கள். தயாரிக்கும்போதே தண்டை, வண்டியில் அது முறுக்கப்போகும் அதே திசையில், எல்லை தாண்டி ஒருமுறை முறுக்கி விடுவார்கள். அதனால் மேற்பரப்பில் எதிர்த்திசை அழுத்தம் ஒன்று தங்கிவிடும். ஓடும்போது வரும் பளுவில் ஒரு பங்கை அதுவே கழித்துக்கொடுக்கும். பக்கம் மாற்றிப் பூட்டினால் அந்தத் துணையே பகையாகிவிடும். நல்ல மெக்கானிக் கழற்றும்போதே சுண்ணாம்புக்கட்டியால் குறி போட்டு வைப்பார்.

பழைய நுட்பம் என்ற வாதத்துக்குக் கடைசி அடைக்கலம் ராணுவமும் பந்தயமும். உயர்ந்த தொழில்நுட்பம் அங்கேதான் இருக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. அங்கே போய்ப் பார்த்தால் டார்ஷன் பார் கம்பீரமாக இருக்கிறது. ஃபார்முலா 1 கார்களின் ஒடுங்கிய முன்பகுதிக்குள், சக்கரத்திலிருந்து வரும் தள்ளுகம்பி ஒரு ராக்கரைத் திருப்ப, அந்த ராக்கர் ஒரு குட்டி டார்ஷன் பாரை முறுக்குகிறது. காயிலைவிட அது குறைந்த இடத்தில் அடங்கிவிடும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் கனரக பிக்கப் வண்டிகள் முன்பக்கத்தில் இன்றும் டார்ஷன் பாரோடுதான் வருகின்றன. காயில் நிற்க வேண்டிய இடத்தின் வழியாக முன்சக்கர டிரைவ் ஷாஃப்ட் போவதால், ஸ்பிரிங்கைச் சேஸிஸ் நெடுகப் படுக்க வைப்பது அங்கே புத்திசாலித்தனம். இலங்கையில் வேன் என்றாலே நினைவுக்கு வரும் டொயோட்டா ஹையேஸில் டிரைவர் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறார். உயரமான தூணுக்கு அங்கே இடமில்லை. அதனால் அங்கும் டார்ஷன் பார்.

ஆவடியில் இந்த வாதத்துக்கு இன்னும் கறாரான பரிசோதனை கிடைக்கிறது. அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் தயாராகும் டி-90 டாங்கி, அதற்கு முன் தயாரான டி-72, அதற்கும் முன் வந்த விஜயந்தா எல்லாம் டார்ஷன் பாரில் நிற்பவை. அதே தொழிற்சாலையிலிருந்து வரும் அர்ஜுன் டாங்கிக்கு ஆவடியிலேயே உள்ள டி.ஆர்.டி.ஓ. ஆய்வகம் நைட்ரஜன் வாயுவும் எண்ணெயும் கொண்ட ஹைட்ரோநியூமாட்டிக் சஸ்பென்ஷன் வைத்தது. டாங்கியில் தண்டுகள் அடித்தளத்தின் மேல் குறுக்காகக் கிடக்கும். ஆட்களும் குண்டுகளும் இருக்க வேண்டிய உயரத்தில் சில அங்குலத்தை அவை விழுங்கிவிடும். உயரம் கூடினால் அதை மூடும் கவசமும் கூடும். அடியில் கண்ணிவெடி வெடித்துத் தளம் நெளிந்தால் தண்டை உருவுவதே பெரும்பாடு. வாயு ஸ்பிரிங் அலகோ வெளிப்புறத்தில் தொங்குவது. அமுங்க அமுங்க விறைப்பு தானே ஏறும். 58 டன்னைத் தாண்டும் அர்ஜுனுக்கு அந்தத் தேர்வு பொருந்துகிறது. ஆனால் வாயுவுக்கும் எண்ணெய்க்கும் சீல் வேண்டும், சீல் கசியும், வெயிலில் அழுத்தம் மாறும். தண்டில் கசிய எதுவும் இல்லை. அறுபது டன்னுக்கு மேல் எடையுள்ள அமெரிக்க ஏப்ரம்ஸும் ஜெர்மனியின் லெப்பர்ட் 2-உம் இன்றும் டார்ஷன் பாரையே நம்புகின்றன. இஸ்ரேலின் மெர்காவா, அடித்தளத்தைக் காலியாக வைக்க விரும்பி, வெளிப்புறத்தில் காயில் ஸ்பிரிங்குகளைத் தொங்கவிட்டது. எல்லாம் இன்றைய டாங்கிகள், மூன்று விதமான விடைகள். வயதை வைத்து வரிசைப்படுத்துகிறவர் இதில் எதை மேலே வைப்பார்?

இந்த இடக் கணக்கு டார்ஷன் பாருக்கு எதிராகவும் திரும்பும். மின்சாரக் கார்களில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தரை முழுக்க பேட்டரிப் பெட்டி. நீளவாக்கில் தண்டு படுக்கவோ, அதன் நுனியைப் பூட்டவோ அங்கே வழியே இல்லை. அம்பாசிடர் பாணி டார்ஷன் பார் அந்தக் கார்களுக்குத் திரும்பி வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் 2020இல் வந்த நெக்சான் இ.வி.யைத் தூக்கி வைத்து அடியில் பார்த்தால், பேட்டரிக்குப் பின்னால் இரண்டு சக்கரங்களையும் இணைத்துக்கொண்டு ஒரு குறுக்கு பீம் தெரியும். பளுவைக் காயில் தாங்குகிறது. இரண்டு சக்கரமும் இரண்டு உயரத்தில் போகும்போது முறுக்கிக் கொடுக்கிற வேலை அந்த பீமுக்கு.